47 நாள், 7 நாள்: 1981இன் படங்களும் வெளியேற முயன்ற மனைவிகளும்

1981ஆம் ஆண்டின் முக்கியமான தமிழ்ப் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இயக்குநர்களின் பட்டியலாகவோ கதாநாயகர்களின் பட்டியலாகவோதான் முடிகிறது. பாக்யராஜுக்கு ‘மௌன கீதங்கள்’, ‘இன்று போய் நாளை வா’, ‘அந்த 7 நாட்கள்’. பாலசந்தருக்குத் ‘தில்லு முல்லு’, ‘47 நாட்கள்’, ‘தண்ணீர் தண்ணீர்’. பாரதிராஜாவுக்கு ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘டிக் டிக் டிக்’. கமல்ஹாசனுக்கு நூறாவது படமான ‘ராஜ பார்வை’. விஜயகாந்துக்குச் ‘சட்டம் ஒரு இருட்டறை’. இந்தப் பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் அதே ஆண்டைச் சரிதாவின் பெயரில் எழுதிப் பார்த்தால் வேறோர் ஆண்டு கிடைக்கிறது.

ஜனவரியில் ‘மௌன கீதங்கள்’: கணவனை விவாகரத்து செய்கிற மனைவி. ஆகஸ்டில் ‘நெற்றிக்கண்’: தன்னைக் கெடுத்தவனின் நிறுவனத்துக்கே அதிகாரியாகப் போகிற பெண். தீபாவளிக்குத் ‘தண்ணீர் தண்ணீர்’: போலீஸ்காரக் கணவனை எதிர்த்து ஊர்ப்பக்கம் நிற்கிற செவந்தி. நடுவில் ஜூலையில் வந்த ‘47 நாட்க’ளில் நடிகை சரிதாவாகவே வந்து போகிறார். கறுத்த நிறம், கனத்த குரல், தெலுங்கிலிருந்து வந்த பெண். அவரைச் சுற்றி அந்த ஓராண்டில் தமிழ் சினிமா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது: மனைவி வீட்டைவிட்டு வெளியேறலாமா? கேட்டுவிட்டு, பெரும்பாலும் தானே அவசரமாகக் கதவைச் சாத்தியும் இருக்கிறது. எனக்கு அந்த அவசரம்தான் முக்கியமாகப் படுகிறது.

அந்த வருடம் நான் கைக்குழந்தை. இந்தப் படங்களையெல்லாம் பிற்பாடு, தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் துண்டு துண்டாகவும், பாடம் நடத்த வந்தபிறகு முழுதாகவும் பார்த்தவள். எங்கள் பக்கத்தில் அவற்றுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சென்னையில் வெளியான தேதி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களுக்குச் செல்லாது. ஏ சென்டர், பி சென்டர் என்று ஓடித் தேய்ந்தபிறகுதான் படப்பெட்டி டென்ட் கொட்டாய்க்கு வரும். அங்கே பெண்களுக்குத் தனிப் பக்கம், நடுவே தடுப்பு. அதற்கும் போக முடியாதவர்கள் எத்தனையோ பேர். கோஷாவில் இருந்த முஸ்லிம் வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, அன்றைய கணக்குக்குப் பீடி சுற்றி முடிக்காத பெண்களும்தான். என் பெரியம்மா அந்த இரண்டாவது வகை. அவர் முதலில் ‘மௌன கீதங்க’ளைப் பார்க்கவில்லை, கேட்டார். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்து, நூலைச் சுற்றியபடி தெருவே கேட்கும். “மூஞ்சிய அப்புறந்தான் பாத்தேன். அந்தக் கொரல் மொதல்லயே தெரியும்” என்பார் சரிதாவைப் பற்றி. ஒரு நடிகையைக் குரலாகவே அறிந்த பார்வையாளர்களைப் பற்றி நம் சினிமா வரலாறுகளில் நான் படித்த நினைவில்லை.

‘மௌன கீதங்க’ளில் கணவன் தவறுவது ஒரே ஒரு முறை, அதுவும் மனைவியின் தோழியோடு. அவன் ஒப்புக்கொள்கிறான், அவள் ஏற்க மறுத்து விவாகரத்து வாங்குகிறாள், பிள்ளையைத் தனியாக வளர்க்கிறாள். ‘ஒரே ஒரு தடவைதானே’ என்ற வாதம் படம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். நம் அம்மாக்கள் பலரும் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டே பார்த்தார்கள். இங்கே ஒரு சட்டச் செய்தியைச் சொல்ல வேண்டும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், விவாகரத்து கேட்கக் கணவன் ‘பிறன்மனை உறவிலேயே வாழ்ந்துகொண்டிருக்க’ வேண்டும். ஒரு முறை தவறினான் என்பது போதாது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அதை மாற்றியது. மணத்துக்குப் பிறகு வேறொருவரோடு தன் விருப்பத்தோடு உறவுகொண்டாலே, அது ஒரு தடவையானாலும், விவாகரத்துக்குப் போதுமான காரணம் என்று ஆனது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கான வழியையும் அதே திருத்தம்தான் திறந்தது. ஆக, சட்டம் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவைத்த வழக்கைப் பாக்யராஜ் திரையில் மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டார். நகைச்சுவையும் சிறுவனும் அவருக்காக வாதாடினார்கள். இறுதியில் அவள் திரும்பிப் போகிறாள். படம் நன்றாகவே எடுக்கப்பட்ட படம், அதனால்தான் தீர்ப்பு அவ்வளவு இயல்பாகத் தெரிகிறது.

இந்த ஆண்டின் மையம் என்று நான் நினைப்பது நாள்கணக்கைத் தலைப்பில் வைத்த இரண்டு படங்கள். ஒன்று ஜூலையில் வந்தது, மற்றொன்று அக்டோபரில், தீபாவளிக்கு. இரண்டிலும் ஒரு பெண் விரும்பாத திருமணத்துக்குள் எத்தனை நாள் இருந்தாள் என்பதுதான் எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் எம்.எஸ். விஸ்வநாதன் இசை. இளையராஜா உச்சத்தில் இருந்த ஆண்டில் இது ஒரு வேடிக்கையான ஒற்றுமை, அதற்கு மேல் பொருள் சொல்ல நான் முயலவில்லை.

‘47 நாட்கள்’ சிவசங்கரியின் கதை. அந்த ஆண்டில் அவருடைய எழுத்திலிருந்து இரண்டு படங்கள் வந்தன. இன்னொன்று மகேந்திரனின் ‘நண்டு’. காமிராவுக்குப் பின்னால் பெண்கள் மிக அரிதாக இருந்த ஆண்டு என்று பார்த்தால் இது சின்ன விஷயமில்லை. (அதற்கு முந்தைய ஆண்டு லட்சுமி ‘மழலைப் பட்டாள’த்தை இயக்கியிருந்தார். திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்து வந்த சுஹாசினி, 1981இல் ‘பாலைவனச் சோலை’யின் கதாநாயகியாகக் காமிராவுக்கு முன்னால்தான் நின்றார்.) ஊர்ப்புறத்துப் பெண்ணான ஜெயப்பிரதாவைக் கல்யாணம் செய்து பாரிஸுக்கு அழைத்துப் போகிறான் குமார். சிரஞ்சீவி நடித்த வேடம். அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பிரெஞ்சு மனைவி. ஒருத்தியைப் பற்றி மற்றவளிடம் பொய் சொல்லி ஒரே வீட்டில் இருவரையும் வைத்திருக்கிறான். அந்தப் பொய் எப்படி நிற்கிறது? ஜெயப்பிரதாவுக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது என்பதால் நிற்கிறது. வீட்டுக்குள் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் கணவனின் வாய் வழியாகத்தான் அவளுக்கு வருகிறது. அவன்தான் மொழிபெயர்ப்பாளன். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அடி, உதையைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது.

பாரிஸ் தூரமான ஊர் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பீடிக் கடையின் கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாமல், கொண்டுபோனவனே படித்துச் சொல்கிற எண்ணிக்கையை நம்பித் திரும்பிய பெண்களுக்கு இடையில் நிற்கிற ஆணைத் தெரியும்.

சட்டத்தின் கண்ணில் ஜெயப்பிரதாவின் கழுத்தில் கிடப்பது தாலியே அல்ல. உயிரோடு மனைவி இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாம் கல்யாணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. நாற்பத்தேழு நாளும் அவள் மனைவியாக இருக்கவேயில்லை. படம் இதைச் சட்டமாகப் பேசுவதில்லை. ஆனால் முடிவில் ஒன்று செய்கிறது. அவள் கதையைத் திரையில் நடிப்பதற்காகத் தெரிந்துகொள்ள வந்த நடிகை சரிதா, ஏன் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்கிறார். நல்லெண்ணத்தில் கேட்கிற கேள்விதான். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வருகிறது. கல்யாணம்தான் ஒரு பெண்ணின் முடிவாக இருக்க வேண்டுமா என்பது அந்தக் கோபத்தின் சாரம். பாலசந்தரிடம் எனக்கு நிறைய வழக்கு உண்டு. கதாநாயகியைத் துணிச்சல்காரியாக்கிவிட்டு, கடைசி ரீலில் அவளுக்குத் தண்டனை கொடுப்பது அவர் வழக்கம். இந்தப் படத்தில் அவர் அவளை விட்டுவிட்டார். அதற்காகவே இது முக்கியமான படம்.

மூன்றே மாதம் கழித்து ‘அந்த 7 நாட்கள்’. அம்பிகாவை வற்புறுத்திக் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். மாப்பிள்ளை ராஜேஷ், மனைவியை இழந்த டாக்டர், சாகக் கிடக்கும் தாய்க்காக மணந்தவர். முதல் இரவன்றே அவள் விஷம் குடிக்கிறாள். காரணம் தெரிந்ததும், ஒரு வாரம் பொறுத்திரு, உன் காதலனைத் தேடி அவனிடமே உன்னை ஒப்படைக்கிறேன் என்கிறார் அவர். காதலன் பாலக்காட்டு மாதவன், அதாவது பாக்யராஜ், ஆர்மோனியத்தோடும் சிஷ்யப் பையனோடும் வந்து நம்மைச் சிரிக்க வைத்தபின், தாலி ஏறிய பெண்ணை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போகிறான். அந்தத் தாலியைக் கழற்ற முடியாமல் போவதுதான் உச்சக்காட்சி. பெரிய வெற்றி. 1983இல் இந்தியிலும் ‘வோ சாத் தின்’ என்று எடுத்தார்கள்.

இங்கேயும் சட்டம் இருந்தது. பலவந்தத்தால் பெற்ற சம்மதம் என்றால் அந்தத் திருமணத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். ஓராண்டுக்குள் மனு போட வேண்டும், அவ்வளவுதான். கணவனே ஒத்துக்கொள்கிற வழக்கு. ஆனால் படத்தில் யாரும் வக்கீலிடம் போவதில்லை. ஜூலையில் செல்லாத தாலியோடு போராடி ஒருத்தி வெளியே வந்தாள். அக்டோபரில், ரத்து செய்யக்கூடிய தாலி ஒன்று யாராலும் தொட முடியாத பொருளாகிவிட்டது. திரையரங்கு கைதட்டியது இரண்டாவதற்குத்தான்.

இரண்டு படங்களின் இறுதிப் பகுதியையும் அடுத்தடுத்து வகுப்பில் போட்டுக் காட்டினேன். என் மாணவிகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ‘அந்த 7 நாட்கள்’ முடிந்ததும் ஒருத்தி சொன்னாள்: “டாக்டர் மாதவன் கிட்ட கேக்குறாரு. மாதவன் டாக்டர் கிட்ட கேக்குறாரு. அவளுக்கு இன்னா வேணும்னு உக்காந்து யாரும் கேக்கலியே மேடம்.” பின் பெஞ்சிலிருந்து, ஏற்கெனவே கல்யாணமாகிப் படிக்க வந்த பெண்: “கழட்டிட்டு எங்க போவா? அம்மா வூட்டுலதான இத கட்டி அனுப்புனாங்க.” விமர்சனக் கட்டுரைகள் பல பக்கம் எழுதியும் தொடாத இடம் அது. தாலியின் புனிதம் என்று நாம் பேசிக்கொண்டிருப்பது பாதி நேரம் போக்கிடம் இல்லாமை. ‘மௌன கீதங்க’ளின் நாயகி சில ஆண்டுகள் தனியே நின்றது சம்பளம் இருந்ததால். 1981இல் எங்கள் ஊர்ப் பெண்களின் கையில் இருந்தது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலி. அதுவும் பல வீடுகளில் ஆணின் கைக்கே போய்ச் சேர்ந்தது.

‘நெற்றிக்கண்’ணைப் பற்றிக் கொஞ்சம். கவிதாலயாவின் முதல் தயாரிப்பு, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினிக்கு இரட்டை வேடம். பெண்பித்தரான தொழிலதிபர் மயக்கமருந்து கொடுத்துக் கெடுத்த பெண்ணாகச் சரிதா. அவள் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, அவர் அலுவலகத்துக்குப் போகிறாள். சினிமாத்தனம் என்று இன்று தோன்றலாம். அப்போது நீதிமன்றம் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் சீரழிக்கப்பட்ட மதுரா என்ற பழங்குடிப் பெண்ணின் வழக்கில், உடம்பில் காயமில்லை என்பதையெல்லாம் காட்டிக் காவலர்கள் இருவரையும் உச்ச நீதிமன்றம் விடுவித்தது 1978இல். சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். 1980இல் பெண்கள் பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். 1981 மார்ச்சில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கப்பட்டது சென்னையில்தான். பாப்பா உமாநாத், மைதிலி சிவராமன் போன்றோர் அதன் முன்னோடிகள். பாலியல் வன்முறைச் சட்டம் திருத்தப்பட 1983 வரை ஆயிற்று. பாதிக்கப்பட்ட பெண்ணின் ‘நடத்தை’யைக் கேள்வி கேட்கச் சாட்சியச் சட்டம் கொடுத்த அனுமதி 2002 வரை நீடித்தது. கோடம்பாக்கத்துக்கும் இந்த மாநாடு நடந்த இடத்துக்கும் பஸ் தூரம்தான். ஆனாலும் படத்தில் அவள் தனி ஆளாகத்தான் பழிவாங்குகிறாள். சங்கம் என்று ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் அந்த ஆண்டின் எந்தக் கதாநாயகிக்கும் வரவில்லை.

‘அலைகள் ஓய்வதில்லை’ பூணூலையும் சிலுவையையும் கழற்றியது. தாலியைக் கழற்ற முடியாத அதே ஆண்டில் இது முடிந்தது என்பதைக் குறித்துவைக்கலாம். அந்தப் படத்தில் ராதாவின் அண்ணியாக, தியாகராஜனின் மனைவியாக, சேலையைப் போர்த்திக்கொண்டு சில்க் ஸ்மிதா நடித்திருப்பார். அப்படியொரு நடிகை அவருக்குள் இருந்தார் என்பதற்குச் சாட்சி அது. அதற்குப் பிறகு சினிமா அவரிடம் என்ன கேட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

‘தண்ணீர் தண்ணீர்’ என் வகையில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது. கோமல் சுவாமிநாதனின் நாடகம், பாலசந்தரின் திரைக்கதை. சிறந்த தமிழ்ப் படம், சிறந்த திரைக்கதை என்று இரண்டு தேசிய விருதுகள். தண்ணீர் இல்லாத அத்திப்பட்டி. ஓடி ஒளிந்து வந்த வெள்ளைச்சாமி வண்டியில் தண்ணீர் கொண்டுவருகிறான். அவனைப் பிடிக்க வருகிறவன் செவந்தியின் கணவன். இங்கேதான் மனைவி கணவனை விட்டு விலகுவதற்கு வேறொரு காரணம் கிடைக்கிறது. அவன் துரோகம் செய்யவில்லை, அவளுக்குக் காதலனும் இல்லை. குடத்தைச் சுமப்பவள் அவள், அதனால் அவன் பக்கம் நிற்க முடியவில்லை. மற்றப் படங்களில் பெண் படுக்கையறையின் நியாயத்துக்காக வெளியேறுகிறாள், இவள் ஊரின் நியாயத்துக்காக. விமர்சகர்கள் இதை அரசியல் படம் என்று பாராட்டினார்கள். பெண்ணின் படம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கரிசல்காட்டுக் கதை அது. பாலாற்றங்கரையில் அதைப் பார்த்தவர்களுக்கு, கிணற்றில் தண்ணீர் இருந்தது. வாயில் வைக்க முடியாமல் மாறிக்கொண்டிருந்தது. எழுபதுகளின் தொடக்கம்வரை இங்கிருந்து பெரும்பாலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு அரைப் பதமாக்கிய தோல்தான் கப்பலேறியது. அதன்பின் அரை பதத் தோலின் ஏற்றுமதிக்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுப் பதத் தோலும் ஷூவின் மேல்பாகமும் ஷூவுமாக அனுப்ப வேண்டும் என்றானது. அதற்குக் குரோமியம் அதிகமாகத் தேவைப்பட்டது, தைப்பதற்குப் பெண்களும் தேவைப்பட்டார்கள். எங்கள் பெண்களுக்கு மாதச் சம்பளம் கொண்டுவந்த அதே மாற்றம்தான் ஆற்றுக்குள் குரோமியக் கழிவையும் கொண்டுவந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போயிற்று. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டமாக்கியது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதாக அந்தத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட முப்பத்தைந்து லிட்டர் தண்ணீர் போகும் என்ற கணக்கும் அதில் உண்டு.

இதையெல்லாம் வைத்து யாரும் படம் எடுக்கவில்லை. 1981இன் திரையில் வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு, அவர்கள் அலுவலகத்தில் ஃபைல் பார்ப்பவர்கள். தோல் ஷாப்பில் ஈரத்தோலைப் புரட்டும் பெண் இல்லை, பீடி சுற்றும் பெண் இல்லை. செவந்தியைத்தான் நாங்கள் எங்களுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போன பருவத்தில் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன்: செவந்தி ஆம்பூரில் இருந்தால் ஒரு காட்சி எழுதுங்கள். பலரும் ஆவேச வசனம் எழுதினார்கள். ஒருத்தி மட்டும் வசனமே இல்லாமல் எழுதியிருந்தாள். விடியற்காலை, தெருக்குழாயில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன. கம்பெனி பஸ் வருகிறது. செவந்தி குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு ஏறிப் போகிறாள். ஒன்பது மணிக்குத் தண்ணீர் வருகிறது. அவள் குடத்தைக் கணவன் பிடித்து வைப்பதாகவும் ஒரு வரி எழுதி, பிறகு அதை அடித்துவிட்டிருந்தாள்.